சுவரைப் பார்த்து நின்ற விளக்குகள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் போய் மாணிக்கவாசகம் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். லைட் மாணிக்கம் என்று சொன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த கொஞ்ச காலத்திலேயே, இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று எழுந்து வந்துவிட்டார். குனிந்து இழை பார்க்க வேண்டிய பிள்ளை அண்ணாந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் புடவை எப்படி உருப்படும்? பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட ஆரம்பித்து, டியூப் லைட், சீரியல் பல்பு, நாடகத்துக்குப் போடுகிற ஃபோகஸ் லைட் என்று கடையைப் பெருக்கிக்கொண்டார். கல்யாணம், கருட சேவை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மாணிக்கத்தின் வயர்தான் தெருவில் ஓடும்.

அவருக்குத் தெரிந்த கலை ஒன்றே ஒன்று. இன்னும் ரெண்டு லைட் போடு என்பதுதான் அது. எந்த மூலையிலும் இருட்டு மிச்சம் இருக்கக் கூடாது. காஞ்சிபுரத்து மாப்பிள்ளைகள் எல்லாரும் முகூர்த்தப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டே இருப்பதற்கு வெட்கம் காரணமில்லை, மாணிக்கம்தான் காரணம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மனிதர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இப்படி இருட்டின் ஜென்ம விரோதியாக இருந்தவரிடம்தான், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், தனசேகரன் வந்து இருட்டு வேண்டும் என்று கேட்டான்.

தனசேகரன் பக்கத்துத் தாமல் கிராமத்துக்காரன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மெட்ராஸில் சினிமா எடுக்கப் படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிய வேண்டுமானால் சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற கறுப்பு வெள்ளைப் படம். கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியூர் போன புருஷன் இனிமேல் வரமாட்டான் என்று ஒரு நெசவுக்காரப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு ராத்திரி அவள் தறிக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் விளக்கின் திரியை இறக்குகிறாள். அவ்வளவுதான்.

“ராத்திரின்னு தெரியணும்ணே. இருட்டு அப்படியே இருக்கணும். ஆனா அவ கண்ணு தெரியணும்” என்றான்.

“இருட்டுக்கு எதுக்குபா லைட்டு? சுவிட்ச தட்டுனா இருட்டு.”

“இருட்ட படம் புடிக்கத்தாண்ணே லைட்டு வேணும். இல்லாங்காட்டி ஃபிலிம்ல ஒண்ணுமே விழாது.”

மாணிக்கத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, கடையை மூடிக்கொண்டு உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு அதைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார். அதற்குக் காரணம் இருந்தது. போகும்போது தனசேகரன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தான்: “டைட்டில்ல ஒளியமைப்புன்னு போட்டு உங்க பேர போடறேண்ணே.” திரையில் பேர்! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

படம் எடுக்க வீடு வேண்டுமே. அக்கா தையல்நாயகியின் வீட்டைக் காட்டினார். அக்காவும் மச்சானும் நெய்கிற வீடு அது. நீளமான கூடம், ஒரு பக்கச் சுவரை ஒட்டித் தறி. அதற்கு எதிர்ச்சுவரில் விளக்கு மாடம். பல வருஷத்து விளக்குப் புகையில் கூடமே கறுத்திருந்தது, அந்தச் சுவர் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. அதைப் பார்த்ததும் தனசேகரன் சுவரோடு மூக்கை ஒட்டாத குறையாக நின்றுவிட்டான். விரலால் தொட்டான். பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அந்தக் கரிச்சுவருக்கு முன்னால் கதாநாயகியை உட்கார வைத்தால் ராத்திரி தானாக வந்துவிடும் என்று மாணிக்கத்தின் காதில் கிசுகிசுத்தான். அடுப்படி வாசலில் நின்றிருந்த தையல்நாயகிக்கு அவன் சொன்னது கேட்கவில்லை. அவன் சுவரை முறைத்து முறைத்துப் பார்த்தது மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் ஆனால் ஊரில் கரண்ட் சவலைப்பிள்ளை மாதிரி தொய்ந்துபோகும். கேமராவும் ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும், சாயங்கால பஸ்ஸில் மெட்ராஸுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அதனால் பட்டப்பகலில் கதவு ஜன்னலெல்லாம் கம்பளியால் மூடி, உள்ளே ராத்திரி செய்துகொள்வது என்று பேசி முடித்தார்கள்.

படம் எடுக்கிற நாளுக்கு முந்தின சில நாட்கள் மாணிக்கம் ஊரில் இல்லை. ஓரிக்கைப் பக்கம் ஒரு அம்மன் திருவிழாவுக்கு லைட் போடப் போனவர், நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்து படக்காரர்களை அழைத்துக்கொண்டார். தனசேகரன், கேமராக்காரர் வேணுகோபால், கதாநாயகியாக நடிக்கிற மேரி. மேரி மெட்ராஸில் டைப்பிஸ்ட், அமெச்சூர் நாடகங்களில் நடிக்கிற பெண். வழியெல்லாம் மாணிக்கம் பேசிக்கொண்டே வந்தார். வேணுகோபால் கையிலிருந்த, வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டரை வாங்கி வெயிலில் காட்டினார், நிழலில் காட்டினார், மேரியின் குடைக்கு அடியிலும் காட்டினார். முள் ஆட ஆட அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

வீட்டுக்குள் காலை வைத்ததும் அந்த உற்சாகம் அப்படியே நின்றது.

வீடு பளீர் என்று இருந்தது. சுண்ணாம்புக் கல்லை ஊறவைத்து, வெள்ளை எடுப்பாக இருக்கட்டும் என்று நீலம் கலந்து, பனைமட்டையைத் தட்டி நார் கிளப்பி, அதையே பிரஷ்ஷாக்கிக் கூடத்தில் அடித்திருந்தாள் தையல்நாயகி. விளக்கு மாடத்தைச் சுற்றிச் சோடாக்காரம் போட்டுத் தேய்த்துக் கரியை எடுத்துவிட்டு, மேலே வெள்ளைக்கு மேல் வெள்ளை. அடியில் காவிப்பட்டை வேறு. வாசலில் மாவிலை.

“எப்டிபா கீது?” என்றாள் தனசேகரனைப் பார்த்து. வாயெல்லாம் பல். கையெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தது. “அன்னிக்கு நீ என் சொவத்தையே பாத்துக்கினு நின்னியா, எனக்கு மானமே போச்சி. என் தம்பி பேரு வர்ற படம். மெட்ராஸுல இருக்கறவங்கல்லாம் பார்ப்பாங்க. ஊடு அழுக்கா இருக்கலாமா?”

தனசேகரன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். “நல்லா இருக்குதுக்கா” என்று மாணிக்கம்தான் சொன்னார்.

இருந்தாலும் முயற்சி செய்து பார்த்தார்கள். ஜன்னலை மூடி, மேரியை மாடத்துச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து, ஒரு ஃபோகஸ் லைட்டைப் போட்டார் மாணிக்கம். போட்டதுதான் தாமதம், கூடம் முழுக்க வெள்ளை அடித்துக்கொண்டு கிளம்பியது. ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் மறு சுவருக்குப் பாய்ந்தது, அங்கிருந்து மேற்கூரைக்கு ஏறியது. பக்கவாட்டில் வைத்தார், மேலே தூக்கினார், தகரத்தால் மறைத்தார். எங்கே வைத்தாலும் புருஷன் வராத வீடு மாதிரித் தெரியவில்லை, மாப்பிள்ளை அழைப்பு வீடு மாதிரிதான் தெரிந்தது. அவர் வாழ்நாள் முழுக்க எந்த வெளிச்சத்துக்குப் பேர் போனாரோ அதே வெளிச்சம் அன்றைக்கு அவரைப் போட்டு வாட்டியது.

தனசேகரன் அவரைத் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனான். “வேணாம்ணே. அந்தக் கரிச்சுவரு போச்சு, இங்க ராத்திரி வராது. மெட்ராஸ் போயி எங்கனா செட் போட்டு எடுத்துக்கறேன். அங்க லைட்மேன் இருக்காங்க. உங்கள குத்தம் சொல்லல.” சொல்லும்போது அவன் குரலே உடைந்திருந்தது. மாணிக்கம் தலையாட்டினார். திரையில் வரவிருந்த பேர் தெரு முனையைத் தாண்டிப் போவதை அவர் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. அழுகை வந்தது. இந்த வயதில் தெருவில் நின்று எப்படி அழுவது?

திரும்பி உள்ளே போனால், தையல்நாயகி சோற்றுப் பானையைக் கவிழ்த்து அடிக்கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டிருக்கிறது.

“கரி வேணும்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா? பூசிடறேன். நான்தானே அடிச்சேன், நானே பூசிடறேன்” என்று கைநிறையக் கரியோடு எழுந்தாள்.

மாணிக்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பில் வெடித்த கை. தம்பியின் பேர் வருகிற படத்துக்காக முட்டி தேயத் தேய அடித்தவள், அவளே அதில் கரி பூசுவதா? பேரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றுதான் அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது.

“உட்டுடுக்கா. நல்லா இருக்கற சொவத்த கெடுக்காத” என்றார். அவள் போய்த் தறியோரம், எதிர்ப்பக்கத்தில், முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூட்டை கட்ட வேண்டியதுதான். எரிந்துகொண்டிருந்த ஃபோகஸ் லைட் கண்ணைக் குத்தியது. அந்த எரிச்சலில், எல்லாம் உன்னால்தான் என்கிற மாதிரி அதன் மூஞ்சியை வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டு, சுவிட்சை அணைக்கப் போனார். போகிற வழியில் அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பார்த்தவர் சுவிட்சுக்கு நீட்டிய கையை எடுத்துவிட்டார்.

தையல்நாயகி முந்தானையை விலக்கியிருந்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது, ஆனால் எந்த விளக்கும் அவளைப் பார்க்கவில்லை. ஒரு கன்னம் மெல்லிசாகத் தெரிந்தது, மறு கன்னம் தெரிந்தும் தெரியாமலும் இருட்டில் கரைந்தது. அழுத கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒரே கறுப்பு. தறியில் ஏறியிருந்த ஜரிகை மட்டும் ஒரு மெல்லிய கோடாக மினுங்கியது.

அந்தக் கறுப்பு எப்படி வந்தது? தறியை ஒட்டிய சுவருக்கு அவள் சுண்ணாம்பு அடிக்கவே இல்லை. தறியில் பட்டுப் பாவு ஏறியிருக்கும்போது சுண்ணாம்பு ஒரு சொட்டுத் தெறித்தால் போதும், இழை வெந்துபோகும். எந்த நெசவுக்காரியும் அந்தப் பக்கம் மட்டையைக் கொண்டுபோக மாட்டாள். மூன்று சுவரை வெளுத்தவள் அந்த ஒன்றைப் புகைக் கரியோடு விட்டுவைத்திருந்தாள். வந்ததிலிருந்து எல்லாரும் மாடத்துச் சுவரையே பார்த்து மாய்ந்துபோனதில் ஒருத்தர்கூட முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை!

“தம்பீ! தனசேகரு! வேணு சார்! இங்க ஓடியாங்க, ஓடியாங்க!” என்று மாணிக்கம் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது.

ஓடி வந்த தனசேகரன் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான். வேணுகோபால் மீட்டரைத் தையல்நாயகியின் கன்னத்தோரம் நீட்டினார். அவள் மிரண்டு, “ஊசி போடறாரா?” என்று கேட்டாள்.

“அருமையா இருக்கு. ஆனா பத்தாது” என்றார் வேணுகோபால். “சுவத்துல பட்டு வர்றதுல பாதி வெளிச்சம் போயிடுது. இது மாதிரி இன்னும் நாலு இருந்தா எடுத்துடலாம்.”

இன்னும் வேண்டும் என்ற வார்த்தையைக் காதால் கேட்க மாணிக்கம் என்ன புண்ணியம் செய்திருந்தாரோ! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். நாடக ஃபோகஸ், கல்யாண ஃபிளட் லைட், கடையில் இருந்ததையெல்லாம் தள்ளுவண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். மொத்தத்தையும் ஒரே சமயத்தில் போட்டதும் பட்டென்று ஃபியூஸ் போனது. அதற்கெல்லாம் அவர் அசருகிற ஆளா? திருவிழாவில் செய்வதைச் செய்தார். வீட்டுக்கு ஒரு லைன் என்று அக்கம்பக்கத்துச் சுவரேறி வயரை இழுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவர் வயர் இழுத்து அந்தத் தெருவுக்குப் பழக்கம்தான். எட்டிப் பார்க்க மட்டும் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

“இன்னா மாணிக்கம், லைட்டு பூரா சொவத்த பார்த்துக்கினு இருக்குது? பொண்ணு இந்தாண்ட இருக்குதுபா!”

“உனுக்குத் தெரியாது, கம்முனு பாரு” என்றார் மாணிக்கம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவருக்கே தெரியாது என்பதை அவர் சொல்லவில்லை.

தையல்நாயகி இருந்த இடத்தில் மேரி உட்கார்ந்தாள். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. பார்க்கிறவர்களுக்கு, கூடத்து வெளிச்சம் மொத்தமும் அந்தச் சின்னத் திரியிலிருந்து வருகிற மாதிரியே இருந்தது. கதவெல்லாம் மூடிய கூடம் சூளை மாதிரிக் காய்ந்தது. கேமரா ஓடியது. மேரி வாசலைப் பார்த்தாள், தலையைக் குனிந்தாள், கையை நீட்டித் திரியை இறக்கினாள். அந்த நேரம் பார்த்து மாணிக்கம் சுவிட்சுகளைத் தட்டினார்.

வெளிச்சம் பொட்டென்று செத்தது. திரி இறங்குகிற அழகே இல்லை, யாரோ தலையில் அடித்த மாதிரி இருந்தது. “இன்னும் ஒரு தடவைக்குத்தான் ஃபிலிம் இருக்கு” என்றார் வேணுகோபால், யாரையும் பார்க்காமல்.

திரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்க வேண்டும். அதற்கு மெட்ராஸில் கருவி உண்டாம். மாணிக்கத்திடம் சுவிட்ச்தான் இருந்தது, தட்டினால் உண்டு, தட்டினால் இல்லை. அவர் விளக்குகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இங்கே வெளிச்சம் போடுவது விளக்கா? சுவர்தானே? சுவரை மூடினால்?

“அக்கா, மீந்து கெடக்கற அந்தக் கறுப்புக் கம்பளிய எடு. அந்த மூலைய நீ புடி, இந்த மூலைய நான் புடிக்கறேன். அந்தப் பொண்ணு கையையே பாரு. அது திரிய எறக்க எறக்க, கீழேருந்து மேல ஏத்திக்கினே வா. சாமிக்கு அலங்காரம் பண்ணச்சொல்ல திரை மூடுவாங்களே, அந்த மாதிரி.”

“நானா?” என்றாள் தையல்நாயகி. “எனக்கு அதெல்லாம் வராதுடா.”

“பாவு இழைய அறுக்காத இழுக்கறவ நீ. வாக்கா.”

இரண்டு பேரும் வெள்ளைச் சுவரின் அடியில் குந்தினார்கள். கேமரா ஓட ஆரம்பித்தது. மேரியின் கை விளக்குக்குப் போனது. கம்பளி எழுந்தது. காவிப்பட்டை மறைந்தது, அதற்கு மேலே வெள்ளை மறைந்தது. அக்காவின் பக்கம் கம்பளி ஒரு சுருக்கம் விழாமல், ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது. அவளைப் பார்த்துத்தான் இவர் தன் பக்கத்தை ஏற்றினார். தான் பார்த்துப் பார்த்து வெளுத்த சுவரைத் தையல்நாயகி தன் கையாலேயே அங்குலம் அங்குலமாக மூடினாள். எதிரில் மேரியின் கன்னத்திலிருந்து வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்து, கடைசியில் கண்ணில் மட்டும் ஒரு புள்ளி நின்று, அதுவும் போனது. கூடத்தில் ராத்திரி ஆனது.

“கட்!” என்று தனசேகரன் கத்தியதும், கம்பளியைப் போட்டுவிட்டு அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். மேரி ஓடி வந்து தையல்நாயகியின் வெடித்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதவைத் திறந்தால் வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாயங்கால பஸ்ஸில் கேமரா பத்திரமாக ஏறியது.

படம் முடிந்து, அடுத்த வருஷம் ஒரு நாள் சாயங்காலம், தெருப் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டித் தனசேகரனே வந்து ஓட்டிக் காட்டினான். தெருவே கூடிவிட்டது. ‘ஒளியமைப்பு: காஞ்சி மாணிக்கவாசகம்’ என்று வந்ததும் விசில் பறந்தது. தையல்நாயகி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் எழுத்து போய்விட்டது. மறுபடி ஓட்டச் சொல்லிப் படித்தாள்.

பிறகு அந்த ராத்திரி வந்தது. கூட்டம் மேரியின் முகத்தையே பார்த்தது. ஆனால் தையல்நாயகி மட்டும் கழுத்தை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தறி தெரிந்தது, கரிச்சுவர் தெரிந்தது. அவள் தேடியது மட்டும் எங்கேயும் இல்லை.

“ஏண்டா மாணிக்கம்” என்றாள் மெதுவாக. “நான் அடிச்ச சுண்ணாம்ப ஒரு இடத்துலகூட காணமே. வேணாம்னு உட்டுட்டீங்களா?”

மாணிக்கம் திரையில் பெரிதாக நின்ற மேரியின் முகத்தைக் காட்டினார்.

“அந்தப் பொண்ணு கன்னத்தப் பாருக்கா. கண்ணப் பாரு. வெள்ளையா தெரியுதே, அது லைட்டு இல்ல. உன் சுண்ணாம்பு.”

அவள் பார்த்தாள். வெளிச்சம் வடிந்து போகிற வரைக்கும், கண்ணைக் கொட்டாமல், தன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாணிக்கத்தை அதற்கப்புறம் யாரும் படத்துக்குக் கூப்பிடவில்லை. அவரும் காத்துக்கொண்டிருக்கவில்லை, கல்யாணமும் கருட சேவையும் இருக்கின்றனவே. ஆனால் மணமேடையில் பெண்ணின் முகத்துக்கு நேராக லைட் வைப்பதை அன்றோடு விட்டுவிட்டார். சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார். மாப்பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டார்கள். யாராவது அந்தப் படத்தைப் பற்றி அவரைப் புகழ ஆரம்பித்தால் மட்டும், தையல்நாயகி எங்கிருந்தாலும் நடுவில் புகுந்துவிடுவாள்.

“லைட்டு போட்டதுதான்பா இவன். வெளிச்சம் நான் அடிச்சது.”